பாதி வழுவழுப்பு

எங்கள் லயத்துக்குப் பின்னால், பீலிக்கரையோரம் ஒரு கோப்பி மரம் நிற்கிறது. யாரும் நட்டதில்லை. இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சள்தூள் அப்பினாற்போல ஒரு பூச்சு. ஹட்டனில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் அந்தத் தூளை ஊசிமுனையால் தட்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டு, பாடசாலை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். அத்தனையும் தோடம்பழச் சுளைகள்! முதுகெல்லாம் முள், வயிறு மொட்டை. ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பதை வரிசையாக அடுக்கிவிடலாம்.

1869இல் மடுல்சீமைப் பக்கம் இந்தத் தூள் தென்பட்டது. பேராதனைப் பூங்காவின் துவைட்ஸ் இலைகளைச் சீமைக்கு அனுப்பினார். அங்கே பூஞ்சை ஆய்வாளர்களான பெர்க்லிக்கும் புரூமுக்கும் அது பழைய பேரினம் எதிலும் அடங்கவில்லை. அந்தத் தூள் ஒரு துருப் பூஞ்சையின் வித்தி. துருப் பூஞ்சைகளின் வித்தி அநேகமாகச் சுற்றிலும் முள்ளாக இருக்கும். இதுவோ ஒரு பக்கம் மழித்தது. அதனால் ‘ஹெமிலியா’, பாதி வழுவழுப்பு. கூடவே ‘வாஸ்டாட்ரிக்ஸ்’, பாழாக்குபவள். தோட்டத் துரைமார் அதை ‘எமிலி’ என்று கேலியாகக் கூப்பிட்டார்கள். கேலி அதிக நாள் நீடிக்கவில்லை.

1880இல் நோயை ஆராய மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் வந்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளை வைத்து, வித்திகள் காற்றில் வருவதைப் பிடித்துக் காட்டினார். ஈர இலையில் முளைவிட்டு இலைவாய்க்குள் புகுந்துவிட்டால், பிறகு மேலே எதைத் தூவியும் பிரயோசனமில்லை. துரைமார் கேட்டது மருந்து. அவரிடம் இருந்தது காரணம்.

கோப்பிக் காலத்தில் எங்கள் ஆட்களில் பலர் பழம் பறிக்க நடந்து வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலைக்கு வருஷம் பூராவும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். கோப்பி சாயச் சாயத் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின, லயத்தில் குடும்பங்கள் தங்கின. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லருக்குப் புத்தகங்களில் படம் போடுகிறார்கள். இந்தச் சுளைக்கும் ஒரு படம் போடலாம் என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

தேயிலைக்கும் ஒன்று வந்தது, 1946இல்: கொப்புள நோய். எக்சோபசிடியம் வெக்சன்ஸ் இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும். இலைக்கடியில் வெள்ளை வெல்வெட்டாகப் பூக்கும். துருக் கூட்டமில்லை இது. நல்லவேளை, செம்பு மருந்துக்கு அடங்கியது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். ஒருவன் இரண்டாவதில் கண்ணை வைத்து வெகுநேரம் தேடினான்.

“முள்ளக் காணோமே, சேர்.”

அவன் அம்மாவின் கூடையிலிருந்து அவனே எடுத்துவந்த கொழுந்துதான் அது.