கரித்துணிக்கும் ஒரு சரித்திரம்

அடுப்பிலிருந்து சட்டி இறக்குகிற கரித்துணிக்குச் சரித்திரம் ஏது என்று வாசகர்கள் நினைக்கலாம். ராஜாக்களின் பட்டாபிஷேகத்துக்கு ஆண்டும் மாதமும் குறித்து வைத்த நாம், அடுப்படித் துணிக்கு அப்படி ஒன்றும் குறித்து வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதுவே நூலைக் கொண்டு கையால் பின்னிய துணியாக இருந்தால், அயர்லாந்துப் பஞ்சமும் திருவிதாங்கூர் அடிமைத்தனமும் அதன் கதையில் சேர்ந்துகொள்கின்றன.

அலங்காநல்லூர் என்றதும் ஊர் உலகத்துக்கெல்லாம் வாடிவாசலும் காளைகளும்தான் நினைவுக்கு வரும். எனக்கு என் அத்தையின் அடுப்படியும் நினைவுக்கு வரும். அங்கே ஆணியில் தொங்கும் வெள்ளைத் துணி அத்தையே பின்னியது. நுனியில் கொக்கியுள்ள ஒரே ஓர் ஊசி. ஒரு நூல் உருண்டை. வேறு கருவி கிடையாது. முதலில் சங்கிலி போல ஒரு வரிசை. பிறகு அந்தச் சங்கிலியின் கண்ணிகளுக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்து இழுத்து அடுத்தடுத்த வரிசைகள். கடைசியில் ஓரத்துக்குக் கிளிஞ்சல் போன்ற வளைவுகள். நூல் பருத்தியாகத்தான் இருக்கவேண்டும். பருத்தி ஈரத்தை உறிஞ்சும், சூட்டையும் தாங்கும். நைலான் நூலானால் சுட்ட பாத்திரத்தில் பட்டு இளகிவிடும்.

“இதை விற்கலாமே, அத்தை” என்றேன்.

“அட போப்பா! பொழுது போகாமப் பின்னுனது. இதுக்குப் போயி யாராவது காசு குடுப்பாங்களா?” என்றாள்.

அந்தப் ‘பொழுது போகாமல்’ என்ற வார்த்தையைத்தான் நான் கொஞ்சம் விசாரிக்க விரும்புகிறேன்.

இந்தப் பின்னலுக்குக் குரோஷே என்று பெயர். சிறு கொக்கி என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். அந்தக் காலத்தில் கன்னியாஸ்திரீகள் குடிசைப் பெண்களுக்குக் கொக்கி ஊசியைக் கற்றுக்கொடுத்தார்கள். ரியேகோ என்ற பெண்மணி, வெனிஸ் நகரத்து லேஸைப் போலவே கொக்கியால் பின்னும் வழியைப் புத்தகங்களாக வெளியிட்டார். தறி வாங்கப் பணமில்லாதவளும் ஓர் ஊசி வாங்கலாம். பிள்ளை அழுதால் கீழே வைக்கலாம்; தூங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சீமாட்டிகளின் கழுத்துப் பட்டையில் பூத்த பூக்கள், பின்னியவள் வீட்டில் அடுப்பு எரிய வைத்தன. அங்கே அது பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு.

நம் பக்கத்தில் இந்தக் கதை இன்னும் முன்பே, வேறொரு கருவியோடு தொடங்குகிறது. 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண்களுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னவும் கற்றுத் தந்தார். அது கொக்கிப் பின்னல் அல்ல; திண்டின் மேல் ஊசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை முறுக்கிப் பின்னுவது. அப்போது திருவிதாங்கூரில் மனிதரை விற்பதும் வாங்குவதும் நடைமுறையில் இருந்தது. அடிமை முறை ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். மார்த்தாவின் மகள் எலிசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது, லேஸும் திருநெல்வேலித் தேரிக்காட்டுக்குப் போயிற்று.

மதுரைக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. ஸ்காத்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் அருவி நீரைக்கொண்டு நூற்பாலை ஓட்டினார்கள். பிறகு மதுரையிலும் ஆலை கட்டினார்கள். ஹார்வி மில் என்றால் மதுரைக்காரர்களுக்குத் தெரியும். அந்த மதுரா மில்ஸ், 1974-இல் பெயர்பெற்ற தையல் நூல் கம்பெனியான கோட்ஸுடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. அதன் பின் மதுரையின் பெயரும் நூல்கண்டோடு சேர்ந்து வீடுகளுக்குள் போயிற்று.

நூற்க ஆலை வந்தது; நெய்ய ஆலை வந்தது; லேஸ் போடவும் இயந்திரம் வந்தது. குரோஷேவை அப்படியே பின்னித் தரும் இயந்திரம் மட்டும் ஆலைகளுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே கடையில் நாம் பார்க்கும் அசல் குரோஷேத் துணி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கண்ணி கண்ணியாகக் கையால் இழுத்ததுதான்.

அந்தக் கைகளுக்கு என்ன கிடைக்கிறது? ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபுரம் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெளிநாட்டுக்காகக் குரோஷே பின்னிவந்தார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் அவர்களோடு பழகி 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: நாளில் பல மணி நேரம் பின்னியும் அந்தப் பெண்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. ‘வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்’ என்றார்கள். ஓய்வு நேரத்து வேலைக்குக் கூலி குறைவாக இருந்தால் என்ன? ஏற்றுமதி செய்தவர்கள் செழித்தார்கள். பின்னியவர்களுக்கு வயல் கூலி அளவுகூடக் கிடைக்கவில்லை.

ஒரே ஊசி, ஒரே நூல். ஓரிடத்தில் அது பசிக்குச் சோறு. இன்னோரிடத்தில் விடுதலைக்கு விலை. வேறோரிடத்தில் வெறும் ‘பொழுதுபோக்கு’. வேலையில் வித்தியாசம் இல்லை. நாம் வைத்த பெயரில்தான் வித்தியாசம். பெண்ணின் உழைப்பை மலிவாக்க இதைவிடச் சுலபமான வழி எதுவும் இல்லை. அதையும் அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டோம் என்பதுதான் வேடிக்கை.

கண்காட்சியில் பின்னல் துணி ஒன்றைப் புரட்டிப் பார்த்து, “இதற்கா இவ்வளவு விலை?” என்று கேட்பது நம் வழக்கம். கண்ணிகளை ஒரு வரிசை மட்டுமாவது எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்போமானால், “இவ்வளவுதானா?” என்று கேட்போம் என்று தோன்றுகிறது.