கடல் கடந்து வந்த காசு

பெரியோர் வரலாற்றை அவர்தம் மேடைப் பேச்சுகளிலும் வெற்றி விழாக்களிலும் தேடுவதே நம் வழக்கம். ஆயின், வரவேண்டிய பணத்தைப் பற்றி ஒருவர் எழுதிய கடிதம், அவர்தம் உள்ளத்தின் உயரத்தைச் சில வேளைகளில் இவற்றினும் நன்றாக அளந்து காட்டிவிடும். அத்தகைய கடிதங்கள் சிலவற்றைப் பற்றியே இம்மலரில் எழுத முற்படுகின்றோம். எழுதியவர் கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. பெற்றவர் காந்தியடிகள். காலம் 1915.

மைசூரில் வாழும் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் நகர மண்டபம் திவான் ரங்காச்சார்லுவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை திவானாக விளங்கியவர் சேஷாத்ரி ஐயர். இருவரும் சென்னை மாகாணத்திலிருந்து வந்து இந்நாட்டு நிருவாகத்தில் உயர்ந்தவர்கள். அரசுக்கு உழைத்தவர்களை அரசு மறப்பதில்லை. மண்டபத்திலும் சாலையிலும் அவர்தம் பெயர் வாழும். ஆனால் அரசை எதிர்த்து நின்றவர்க்கு எந்தக் கருவூலத்தில் கணக்கு எழுதப்பட்டிருக்கும்? அவர் தளர்ந்த காலத்தில் அவர் வீட்டு உலையில் அரிசி இட வேண்டியவர் யார்? வ.உ.சி.யின் கடிதங்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இதுவேயாகும்.

அவருடைய எழுச்சியும் வீழ்ச்சியும் அனைவரும் அறிந்தவை; ஆதலின் சுருங்கச் சொல்வோம். ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்து வழக்கறிஞராய்ப் பொருளும் புகழும் ஈட்டியவர் அவர். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அக்கம்பெனியின் தலைவராக இருந்தார் என்பது தமிழ்ச் சங்கத்தார் நாம் நினைந்து மகிழ வேண்டிய செய்தி. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908 மார்ச்சில் அவர் கைதானார். அவ்வாண்டு ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். கண்ணனூர்ச் சிறையிலும் வாடினார். 1912 டிசம்பர் 24-ஆம் நாள் விடுதலை பெற்றபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை, வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமையும் இல்லை.

அதே 1912-ஆம் ஆண்டின் இறுதியில்தான் விசுவேசுவரய்யா மைசூரின் திவானாகப் பொறுப்பேற்றார் என்பதை ஈண்டு நினைத்துக்கொள்கின்றோம். ஒருவர்க்கு ஒரு நாட்டின் தொழில் வளத்தையே வகுக்கும் வாய்ப்பு வந்தது. தொழில் வளமே விடுதலைக்கு வழி என்று முன்னரே கண்ட மற்றொருவர்க்குச் சென்னையில் மளிகைக் கடை நடத்திப் பிழைக்கும் நிலை வந்தது.

அந்நிலையில் அவர் குடும்பத்தைத் தாங்கியவர்களுள் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் முதன்மையானவர்கள். கரும்புத் தோட்டத்திற்கும் சுரங்கத்திற்கும் கூலியாகச் சென்றவர்களும், அவர்களை அடுத்துச் சிறு வணிகம் செய்தவர்களும் நிறைந்த சமுதாயம் அது. அங்கும் அவர்களுக்கு உரிமையில்லை, தலைவரி இருந்தது, சிறையும் இருந்தது. தம் துன்பமே மலையளவு இருக்க, கண்ணால் காணாத ஒரு தலைவர்க்காக அவர்கள் காசு திரட்டினார்கள். அதில் ஒரு தொகை, இந்தியாவில் வ.உ.சி.யிடம் சேர்ப்பிக்க வேண்டுமென்று காந்தியடிகளை நம்பி ஒப்படைக்கப்பட்டது.

காந்தியடிகள் 1915 ஜனவரியில் தாயகம் திரும்பினார். ஏப்ரல் மாதம் சென்னைக்கு வந்து, ஜி. ஏ. நடேசனின் விருந்தினராகத் தங்கினார். வ.உ.சி. அவரைக் காண விரும்பிக் கடிதம் எழுதினார். காலை ஆறு மணிக்கு வந்தால் சில நிமிடங்கள் ஒதுக்கலாம் என்று விடை வந்தது. அதற்கு வ.உ.சி. எழுதிய மறுமொழி நம்மை வியக்க வைக்கின்றது. தாம் பேச விரும்புவது ஒதுக்கப்பட்ட அந்தச் சில நிமிடங்களுள் அடங்காது என அஞ்சுவதாகவும், அவர்தம் அரிய நேரத்தில் குறுக்கிட்டதற்குப் பொறுத்தருள வேண்டுமென்றும் எழுதிவிட்டார். வறுமை அவர் கைப்பொருளைத் தொட்டதேயன்றி அவர் நிமிர்வைத் தொடவில்லை.

காந்தியடிகளும் அந்நிமிர்வை உணர்ந்தார். நீங்கள் என்னைக் காண விரும்பாவிடினும் நான் உங்களைக் காண விரும்புகின்றேன். தாங்கள் எனக்குச் சில நிமிடங்கள் தரலாகாதா என்னும் பொருள்பட எழுதினார். நேரத்தைக் கொடுப்பவர் கேட்பவராக மாறியது அவர் பெருமை. வருவதாக இசைந்த வ.உ.சி.யோ அதிகாலையில் டிராம் வண்டி ஓடத் தொடங்கும் நேரத்தைக் கணக்கிட்டு, குறித்த மணிக்கு வந்து சேர இயலுமோ என்ற ஐயத்தையும் எழுதினார். ஒரு காலத்தில் கப்பல்களை ஓட்டியவர் இப்போது டிராம் வண்டியின் முதல் பயணத்தை எதிர்பார்த்து நின்றார். அதையும் ஒரு செய்தியாகவே எழுதினார், முறையீடாக எழுதவில்லை.

தென்னாப்பிரிக்காவிலிருந்து தாம் அனுப்பிய பணம் கிடைத்ததா என்று காந்தியடிகள் வினவியபோது கிடைக்கவில்லை என்று வ.உ.சி. தெரிவித்தார். அங்கிருந்து வந்த நண்பர் ஒருவர் அத்தொகையைப் பற்றிக் கூறியிருந்ததையும் எழுதினார். பின்னர்த் தம் நிலையை அவர் சொன்ன முறை எண்ணி எண்ணிப் போற்றத்தக்கது. இன்றைய நிலையில், தமக்கெனத் தர வைத்திருக்கும் பணத்தை வேண்டாமென்று சொல்வது தமக்கும் தம் குடும்பத்துக்கும் இழைக்கும் தவறாகும் என்பதே அவர் எழுதியதன் கருத்து.

ஆண்டுகள் பலவாக ஓய்வூதியக் கோப்புகளைப் புரட்டிப் பழகியவர் நாம். விண்ணப்பக் கடிதங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முன்பகுதி முழுதும் தம் பணியின் பெருமை. பின்பகுதி முழுதும் இரக்கத்தைத் தூண்டும் சொற்கள். இறுதி வரியில்தான் எழுதியவரின் உண்மைத் தேவை. வ.உ.சி.யின் கடிதத்தில் முதலிரண்டும் இல்லை. செக்கிழுத்தேன் என்று அவர் எழுதவில்லை. சொத்தை இழந்தேன் என்றும் எழுதவில்லை. பொய்யாக மறுக்கவுமில்லை, தாழ்ந்து கெஞ்சவுமில்லை. பணம் எனக்கு உரியது. எனக்கு இப்போது தேவையும் இருக்கின்றது என்ற இரண்டே உண்மைகளை நேராக வைத்தார். தேவையை மறைப்பது மானம் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். தேவையை உள்ளபடி சொல்வதும் மானமே என்பதை இக்கடிதம் கற்பிக்கின்றது.

சென்னையிலிருந்து புறப்பட்ட காந்தியடிகள் 1915 மே 8-ஆம் நாள் நம் மைசூர் அரசின் எல்லைக்குள், பெங்களூரில், கோகலேயின் படத்தைத் திறந்து வைத்தார். அந்நாட்களில் அப்பணம் இன்னும் வ.உ.சி.யின் கைக்கு வந்து சேரவில்லை. கணக்கு விவரம் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. கடிதங்கள் மாறி மாறிச் சென்றன. காந்தியடிகள் தம் கைப்படத் தமிழில் எழுதியதும் உண்டு. மாதங்கள் பல கழிந்து, 1916-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொகை வந்து சேர்ந்தது. 347 ரூபாய் 12 அணா. பணம் வந்த செய்தியை வ.உ.சி. தம் நண்பர்க்கு அணாவும் விடாமல் எழுதித் தெரிவித்தார்.

இத்தாமதத்தைக் கொண்டு காந்தியடிகள் மீது பழி கூறுவார் உளர். நாம் அவ்வாறு கூற விரும்பவில்லை. பொதுப்பணத்தில் ஒரு காசையும் சான்றின்றிக் கொடுக்கவோ கொள்ளவோ கூடாதென்ற நெறியினர் அவர். எனினும் கணக்கு நேராகும் வரை ஒரு வீட்டில் அடுப்பு காத்திருக்க நேர்ந்தது என்பதும் உண்மையே. கோப்பு ஒன்று மேசையில் உறங்கும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஒருவர் விழித்திருக்கின்றார் என்பதை நம் போன்ற எழுத்தர்கள் மறத்தலாகாது.

அந்தப் பன்னிரண்டணா நம் உள்ளத்தை விட்டு நீங்க மறுக்கின்றது. நாணய மாற்றால் வந்ததோ, பலர் கைச் சில்லறை சேர்ந்து வந்ததோ, எவ்வாறாயினும் அது முழு ரூபாயாகத் திருத்தப்படாத தொகை. செல்வர் ஒருவர் மனமுவந்து தரும் நன்கொடை பெரும்பாலும் முழு எண்ணாக இருக்கும். எளியோர் பலர் கூடித் தருவதோ அணாவில் வந்து முடியும். வ.உ.சி.க்கு எந்த அரசும் தராத ஓய்வூதியத்தைப் புலம்பெயர்ந்த தமிழரின் உழைப்பே தந்தது என்று நாம் கருதுகின்றோம்.

வறுமை அவர் தமிழ்ப்பணியையும் நிறுத்தவில்லை. 1914-இல் 'மெய்யறம்', 1915-இல் 'மெய்யறிவு' என நூல்கள் வெளிவந்தன. 1917-இல் திருக்குறள் மணக்குடவர் உரையை அறத்துப்பாலளவில் பதிப்பித்தார். பின்னர் வழக்கறிஞர் உரிமை திரும்பக் கிடைத்தது. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வாழ்ந்தார். எனினும் பழைய செல்வம் திரும்பவில்லை. 1936 நவம்பர் 18-ஆம் நாள் மறைந்தார். இறுதி நாட்களில் எழுதுவித்த உயிலிலும் தாம் தரவேண்டிய கடன்களைக் கடைக்கடையாகக் குறித்து வைத்தார். வரவேண்டியதைக் கேட்கக் கூசாதவர், தரவேண்டியதைச் சொல்லவும் கூசவில்லை. இரண்டும் ஒரே நேர்மையின் இரு பக்கங்களல்லவா!

தமக்கு உரிமம் மீளத் துணைநின்ற வாலேசு என்னும் ஆங்கிலேய நீதிபதியின் நினைவாக மகன் ஒருவர்க்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தென்னாப்பிரிக்காவிலிருந்து உதவிய வேதியப் பிள்ளையின் நினைவாக மகளுக்கு வேதவல்லி என்று பெயர் வைத்தார். கொடுக்கப் பணமில்லாதவர் தம் மக்களின் பெயர்களையே நன்றிச் சீட்டாக எழுதி வைத்தார் எனலாம்.

சொந்த ஊர் விட்டு வந்து இம்மைசூரில் வேரூன்றிய நம் பெற்றோர், மாதம் தவறாமல் ஊருக்கு மணியார்டர் அனுப்பியவர்கள். அஞ்சலகப் பற்றுச்சீட்டுகளை நூலில் கட்டிப் பெட்டியில் வைத்திருந்ததை நாம் சிறுவராய் இருந்தபோது கண்டிருக்கின்றோம். புலம்பெயர்ந்தவர் அனுப்பும் பணத்தில் தொகையைவிடப் பெரியதொன்று உண்டு. மறக்கவில்லை என்ற சொல் அது. அச்சொல்லைத் தென்னாப்பிரிக்கத் தமிழர் வ.உ.சி.க்கு 347 ரூபாய் 12 அணாவில் எழுதி அனுப்பினார்கள். அது நம் நாட்டுக்கு உழைத்துத் தளர்ந்து, நம் காலத்திலும் நம்மிடையே ஓசையின்றி வாழ்வோரின் முகவரிக்கும் காலந்தாழாமல் போய்ச் சேர வேண்டும் என்பதே நம் விழைவு.