யாருடன் பேசினோம் என்பதும் அந்தரங்கமே

“நான் பிழை ஒன்றும் செய்யவில்லையே. என் தொலைபேசி விபரங்களை யார் வைத்திருந்தால் எனக்கென்ன?” டிஜிட்டல் உரிமைகள் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் எதிர்கொள்ளும் கேள்வி இது. ஜேர்மனியின் அனுபவத்தையே நான் பதிலாகச் சொல்வதுண்டு.

2004இல் மட்ரிட்டிலும் 2005இல் லண்டனிலும் நடந்த குண்டுத்தாக்குதல்களைத் தொடர்ந்து, 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் தரவுகளைத் தக்கவைப்பது குறித்த பணிப்புரையொன்றைப் பிறப்பித்தது. தொலைபேசி, இணைய நிறுவனங்கள் எல்லா வாடிக்கையாளர்களதும் தொடர்பு விபரங்களை 6 முதல் 24 மாதங்கள் வரை சேமிக்க வேண்டும் என்பதே அது. உரையாடல் பதிவாகாது. யார், யாருடன், எப்போது, எவ்வளவு நேரம், எங்கிருந்து பேசினார் என்பது மட்டுமே பதிவாகும்.

அந்த ‘மட்டுமே’ எவ்வளவு பெரியது என்பதைப் பசுமைக் கட்சி அரசியல்வாதி மல்ட்டே ஸ்பிட்ஸ் காட்டினார். வழக்குத் தொடுத்து, தன்னைப் பற்றித் தொலைபேசி நிறுவனம் வைத்திருந்த 6 மாதத் தரவுகளை அவர் பெற்றுக்கொண்டார். அதில் 35,830 பதிவுகள் இருந்தன. 2011இல் ஒரு ஜேர்மன் செய்தித்தளம் அவற்றை வரைபடமாக்கி வெளியிட்டது. அவருடைய பயணங்கள், கூட்டங்கள், உறங்கும் நேரம் என அன்றாட வாழ்க்கை முழுவதும் அதில் தெரிந்தது.

இதை நமது சூழலில் வைத்துப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய் ஒருவர் ஒரு சட்டத்தரணிக்கும் பின்னர் ஓர் ஊடகவியலாளருக்கும் அழைப்பெடுக்கிறார். என்ன பேசினார் என்று ஒட்டுக்கேட்கத் தேவையில்லை. அந்த இரண்டு இலக்கங்களே போதும்.

ஜேர்மனியில் 34,000க்கும் மேற்பட்டோர் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடினர். 2010 மார்ச் 2ஆம் திகதி நீதிமன்றம் அந்நாட்டுச் சட்டத்தின் ஏற்பாடுகளைச் செல்லுபடியற்றதாக்கி, சேமித்த தரவுகளை அழிக்குமாறு உத்தரவிட்டது. 2014 ஏப்ரல் 8ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் மூலப் பணிப்புரையையே செல்லாததாக்கியது. குற்றத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாதவர்களையும் அது உள்ளடக்கியது, தரவுகளைப் பெற முன்கூட்டியே நீதிமன்ற மேற்பார்வை வேண்டும் என்று அது வலியுறுத்தவில்லை என்பன சொல்லப்பட்ட காரணங்களுள் சில.

இலங்கையில் சிம் அட்டை தேசிய அடையாள அட்டையைக் காட்டியே பெறப்படுகிறது. ஆகவே ஒவ்வோர் அழைப்பும் ஒரு பெயருடன் பிணைந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவைக்கு மேற்பட்ட காலத்துக்குத் தரவுகளை வைத்திருக்கக்கூடாது என்கிறது. நம்மைப் பற்றி வைத்திருப்பதைக் கேட்டறியும் உரிமையையும் அது ஏற்கிறது. அதேவேளை, தேசிய பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு விதிவிலக்குகளும் அதில் உண்டு. அந்த விதிவிலக்கு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதையே நாம் கண்காணிக்க வேண்டும்.

என் விபரங்களை எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள்? யாருக்குக் கொடுக்கிறீர்கள்? கொடுப்பதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டுமா? இந்த மூன்று கேள்விகளையும் கேட்பதற்குப் பிழை செய்தவராக இருக்கவேண்டியதில்லை. தொலைபேசி வைத்திருந்தால் போதும்.