புல்லரின் கதை

குருசுக்குப்பத்தில் ஒரு சின்னப் பட்டறைச் சுவரில் முக்கோணமாக ஒரு இரும்புத் தகடு தொங்கும். மூன்று ஓட்டை, நடுவில் வெல்டிங் வைத்த பெரிய நட்டு, அதற்குள் ஒரு நீளமான போல்ட்டு. பார்த்தால் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய சாமான் என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். படகு இன்ஜினின் பிளைவீலைக் கழற்றும் புல்லர் அது! கடையில் வாங்கியதல்ல, அங்கேயே செய்தது.

இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. நார்வேயில் பிறந்து அமெரிக்கா போன ஓலே எவின்ரூட் என்ற பட்டறைக்காரர் 1909-ல் அவுட்போர்டு மோட்டாரை விற்க ஆரம்பித்தார். நம் கரைக்கு இன்ஜின் வர வெகுகாலம் ஆனது. கட்டுமரம் என்பது கயிற்றால் கட்டிய கட்டைகள். இன்ஜின் மாட்டப் பின்பலகை கிடையாது. அதோடு, அலையைத் தாண்டி மணலில் ஏற வேண்டும். புரொப்பெல்லர் தரையில் இடித்தால் கதை முடிந்தது. 1979-ல் தொடங்கி சென்னையிலிருந்து செயல்பட்ட ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் இதற்காகவே மண்டையை உடைத்துக்கொண்டு, டீசல் இன்ஜினையும் ஷாஃப்டையும் சேர்த்துச் சாய்த்துத் தூக்கும் அமைப்பை உருவாக்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்தன. கட்டுமரம் குறைந்தது, இன்ஜின் பெருகியது. பெருகிய இன்ஜின் ரிப்பேருக்கும் வரும் அல்லவா?

பல இன்ஜின்களில் பிளைவீல், கிராங்க் ஷாஃப்டின் கூம்பு முனையில் இறுகி உட்கார்ந்திருக்கும். உப்புக் காற்றில் துரு வேறு. உள்ளே காயிலையோ ஆயில் சீலையோ பார்க்க வேண்டும் என்றால் இதைக் கழற்றாமல் முடியாது. கடப்பாரையால் நெம்பினால் ஷாஃப்ட் வளையும், சுத்தியலால் ஓங்கி அடித்தால் பிளைவீல் விரியும். இரண்டுமே பெரிய செலவு. அது சரியாகும் வரை கடலுக்கும் போக முடியாது.

புல்லர் செய்வது இப்படி: பிளைவீல் மேல் அட்டையை வைத்து ஓட்டைகளின் இடத்தைப் பென்சிலால் எடுப்பது; தடித்த தகட்டில் அதே இடங்களில் துளை போடுவது; நடுவில் நட்டை வெல்டிங் வைப்பது. தகடு மெலிதாக இருந்தால் வளைந்துவிடும். நட்டு துளியும் சாயக்கூடாது, சாய்ந்தால் இழுப்பும் கோணலாகப் போகும். பிளைவீல் நட்டை முழுசாகக் கழற்றாமல் ஷாஃப்ட் முனையோடு சமமாக விட்டுவைத்தால் மரை நசுங்காது. நடு போல்ட்டை நன்றாக இறுக்கிவிட்டு, அதன் தலையில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. 'டக்' என்று விட்டுக்கொடுக்கும்.

1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல் சுவர்கள் கட்டிய பிறகு வடக்கே மணல் அரித்துப்போய், குருசுக்குப்பம் கரையில் பாறாங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. மணல் இல்லாத கரையில் படகை எங்கே ஏற்றுவது? மெக்கானிக் அண்ணன் புல்லரைச் சுவரிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, படகு நிற்கும் இடத்துக்கு சைக்கிளில் போகிறார்.