தோத்த கப்பலுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

மக்களே, "அவன் சரியான எம்டன்யா"ன்னு நீங்களும் யாரையாவது சொல்லியிருப்பீங்க. கறாரான அப்பா, கணக்கு வாத்தியார், கடன் வசூலுக்கு வர்றவர், எல்லாருக்கும் நம்ம பக்கம் இந்த ஒரே பட்டம்தான். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திட்டுப் போச்சு. அதே வருஷம் நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகள் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் செம அடி வாங்கி, தரைதட்டி, கதை முடிஞ்சுது. ஆனா பேர் முடியலை. 2006ல ஒரு படத்துக்கே 'எம்டன் மகன்'னு பேர் வெச்சாங்க. அப்புறம் தமிழ்ப் பேருக்கு வரிவிலக்குன்னு சொன்னதும் அது 'எம் மகன்' ஆனது தனிக்கதை :-)

இந்தப் பதிவு எம்டனைப் பத்தி இல்லை. அதே மாதிரி தோத்தும் பேர் சாகாத இன்னொரு கப்பலைப் பத்தி. அதன் பேர் யமாட்டோ. நிஜக் கப்பல் 1945ல மூழ்கியது. 1974ல ஒரு டிவி தொடர் அதைக் கடலடியிலிருந்து எடுத்து விண்வெளிக்கு அனுப்பியது. தொடரின் பேர் 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ'. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தக் கப்பல் இன்னும் தரையிறங்கவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. சென்னையிலிருந்து ஈசிஆரில் வந்தால் பாண்டிச்சேரி எல்லை ஆரம்பிக்கிறது எங்கள் கனகசெட்டிக்குளத்தில்தான். (எங்க ஊர்ப் பேர் பலருக்குத் தெரிஞ்சதுக்குக் காரணம் வேற, அதை விடுங்க.) பாண்டிக்காரர்கள் நிறைய பேருக்கு இருப்பதுபோல எனக்கும் பிரான்ஸில் ஒரு மாமா உண்டு. அம்மாவின் பெரியப்பா பையன். பிறந்து வளர்ந்தது எல்லாம் அங்கேதான். லீவுக்கு வந்தால் அவர் அதிகம் பேசுவது 'அல்பத்தோர்' பற்றி. 1980 ஜனவரியில் பிரெஞ்சு டிவியில் ஆரம்பித்த ஜப்பான் அனிமே அது. ஒற்றைக்கண் விண்வெளிக் கடற்கொள்ளையன் கதை. ஜப்பானில் அவன் பேர் ஹார்லாக். பிரான்ஸில் ஏற்கனவே டின்டின் கதையில் கேப்டன் ஹாடாக் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று பேரை மாற்றினார்களாம். ஷின்சான், டோரேமான் என்று வளர்ந்த நான், "இதையெல்லாம் இந்த வயசுலயும் பாப்பீங்களா மாமா?" என்று கிண்டல் பண்ணினேன். அவர் சிரித்துக்கொண்டே, "இதை வரைஞ்ச ஆளோட யமாட்டோவைப் பாரு, அப்புறம் பேசு" என்றார். பாத்தேன். இப்ப பேசறேன்.

கதை என்ன?

வருஷம் 2199. கமிலாஸ் என்ற கிரகத்துக்காரர்கள் பூமி மேல் கதிரியக்கக் குண்டுகளைப் பொழிகிறார்கள். கடல் வற்றிவிட்டது. ஜனங்கள் பூமிக்கு அடியில் நகரம் கட்டி ஒளிந்திருக்கிறார்கள். கதிரியக்கம் அங்கேயும் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரே வருஷம்தான். அப்போது 1,48,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் இஸ்கந்தார் கிரகத்து ராணி ஸ்டார்ஷாவிடமிருந்து ஒரு சேதி வருகிறது. "கதிரியக்கத்தைச் சுத்தம் செய்யும் கருவி என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று. வருவதற்கான இன்ஜின் வரைபடத்தையும் அவளே அனுப்புகிறாள். வற்றிய கடலில் துருப்பிடித்துக் கிடந்த பழைய யமாட்டோவுக்குள் ரகசியமாக ஒரு விண்கப்பலைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

கவனிச்சீங்களா? போர்க்கப்பல்தான், ஆனால் நாடு பிடிக்கப் போகவில்லை. மருந்து வாங்கப் போகிறது. ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் பூமிக்கு இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று கணக்குச் சொல்வார்கள். ரிலீஸ் தேதி நெருங்கும்போது எங்கள் புராஜெக்ட் மேனேஜர் சொல்வாரே, அதே மாதிரி. அதைவிட இது கொஞ்சம் சீரியஸ் :-)

ஊத்திக்கொண்ட தொடர்

இது வந்தபோது ஓடவில்லை என்பதுதான் வேடிக்கை. 1974 அக்டோபர் 6ஆம் தேதி, ஞாயிறு சாயங்காலம் ஏழரை மணிக்கு ஆரம்பித்தது. அதே நேரத்தில் இன்னொரு சானலில் 'ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி' ஓடிக்கொண்டிருந்தது. தகஹாதா இயக்கியது, மியாசாகி அதில் வேலை பார்த்தார். வீட்டில் இருந்த எல்லாரும் ஹைடி பக்கம். 39 பகுதி போடலாம் என்று திட்டமிட்டதை 26ல் சுருட்டி, 1975 மார்ச்சில் மூட்டை கட்டினார்கள்.

அப்புறம்தான் கதையே. மறுஒளிபரப்பில் பள்ளிக்கூட, காலேஜ் பசங்க பிடித்துக்கொண்டார்கள். ரசிகர் மன்றங்கள் முளைத்தன. தொடரை வெட்டி ஒட்டிச் சினிமாவாக்கி 1977 ஆகஸ்ட் 6ஆம் தேதி வெளியிட்டபோது, முந்தின ராத்திரியே தியேட்டர் வாசலில் வரிசை. நம்ம ஊர் முதல் நாள் முதல் ஷோ மாதிரி. கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கு என்ற நினைப்பு ஜப்பானில் உடைந்தது ஏறக்குறைய அங்கேதான். 1978ல் அனிமேவுக்கென்றே மாதப் பத்திரிகை வந்தது. 1979ல் குண்டம் வந்தது. யமாட்டோவின் இயக்குநர் குழுவில் இருந்த இஷிகுரோ நொபோரு பிறகு மேக்ராஸையும், 1988ல் 'லெஜண்ட் ஆஃப் கேலக்டிக் ஹீரோஸ்' தொடரையும் இயக்கினார். அமெரிக்காவில் 1979ல் 'ஸ்டார் பிளேசர்ஸ்' என்ற பேரில் போனதும் இதே யமாட்டோதான்.

நிஜக் கப்பல்

உலகத்திலேயே பெரிய போர்க்கப்பலாக ஜப்பான் கட்டியது யமாட்டோ. நிறை சுமையோடு 70,000 டன்னுக்கு மேல் எடை, 46 செ.மீ. வாய் அகலப் பீரங்கிகள். 1945 ஏப்ரலில் ஒகினாவாவுக்கு அனுப்பினார்கள். மேலே காவலுக்கு விமானம் கிடையாது. போனால் திரும்பாது என்று அனுப்பினவர்களுக்கும் தெரியும், போனவர்களுக்கும் தெரியும். ஏப்ரல் 7ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன. உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய 3,000 பேர் செத்தார்கள். 1980களில் கடலடியில் தேடிக் கண்டுபிடித்தபோது கப்பல் உடைந்து கிடந்தது. தொடரில் வருகிற மாதிரி சூரிய அஸ்தமன வெளிச்சத்தில் கம்பீரமாக நிற்கவில்லை.

'யமாட்டோ' என்பது ஜப்பான் நாட்டுக்கே பழைய பேர். அந்தப் பேரை வைத்த கப்பல் மூழ்கி முப்பது வருஷத்துக்குள் அது எழுந்து பறக்கிறது என்றால் பார்க்கிற அப்பாக்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? "நாம தோக்கலைடா" என்று தோன்றியிருக்கலாம். "இந்தத் தடவையாவது உயிரைக் காப்பாத்தப் போகட்டும்" என்றும் தோன்றியிருக்கலாம். தொடர் இந்த ரெண்டு உணர்ச்சியையும் சுமந்துகொண்டுதான் கிளம்பியது.

அதை உருவாக்கினவர்களும் ரெண்டு பேர். தயாரிப்பாளர் நிஷிசாகி யோஷினோபு. படக்கதை ஓவியர் மட்சுமோட்டோ லெய்ஜி, மாமாவின் அல்பத்தோரை வரைந்தவர். மட்சுமோட்டோவின் அப்பா போரில் ராணுவ விமானி. தோற்ற பிறகு புதுப் படையில் சேராமல், காய்கறி விற்றுக் குடும்பத்தை நடத்தினார். போரின் இன்னொரு பக்கத்தை மகன் அந்த வீட்டில்தான் பார்த்தார். பின்னாளில் தொடர் யாருக்குச் சொந்தம் என்று ரெண்டு பேரும் கோர்ட் வரைக்கும் போனது சோகம்.

என்னை உலுக்கிய ரெண்டு இடம்

ஒன்று, பத்தாவது பகுதி. கப்பல் சூரிய மண்டலத்தைத் தாண்டப் போகிறது. அதற்கப்புறம் பூமியோடு பேச முடியாது. அதனால் ஆளுக்குச் சில நிமிஷம் வீட்டோடு பேசலாம் என்று கேப்டன் ஒகிதா அனுமதி தருகிறார். வரிசையில் நின்று போகிறார்கள், அழுகிறார்கள், சிரிப்பதுபோல் நடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கால ஐஎஸ்டி பூத் கதைகள் நிறைய உண்டு. மீட்டர் ஓட ஓட, "நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்" என்பதைத் தவிர வேற எதுவும் பேசாமல் அம்மாயி போனை வைத்துவிடுமாம். அதேதான் இது. நாயகன் கோதாயின் முறையும் வருகிறது. அவனுக்குப் பேச யாருமே இல்லை. அம்மா அப்பா குண்டில் செத்தாச்சு. கடைசியில் அவனும் ஒகிதாவும் உட்கார்ந்து குடிக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. விண்வெளி எல்லாம் மறந்து போச்சு எனக்கு.

ரெண்டாவது, 24வது பகுதி. கமிலாஸும் சாகிற கிரகம்தான் என்று அதற்குள் நமக்குத் தெரிந்துவிடும். பிழைக்க வேற இடம் இல்லாமல்தான் அவர்கள் பூமிக்கு வந்தார்கள். கடைசிச் சண்டையில் யமாட்டோ அந்தக் கிரகத்தின் எரிமலைகளையே வெடிக்க வைத்து ஜெயிக்கிறது. நகரமே இல்லை. எங்கும் இடிபாடு. நான் கைதட்டத் தயாராக இருந்தேன். கோதாய் துப்பாக்கியை வீசுகிறான். நாம் செய்திருக்க வேண்டியது சண்டை இல்லை, அன்பு என்கிற மாதிரிப் பேசி உடைந்து போகிறான். எந்த ஹீரோ ஜெயித்த இடத்தில் நின்று இப்படி அழுதிருக்கிறான், சொல்லுங்க?

ஆனாலும் இன்னொரு பக்கம்

வெற்றி கிடைத்ததும் அந்த அழுகை கொஞ்சம் மறந்து போனது. 1978 ஆகஸ்டில் வந்த ரெண்டாவது படத்தில் ஒவ்வொருவராக உயிர்த் தியாகம் செய்கிறார்கள். கடைசியில் கோதாய் கப்பலோடு எதிரி மேல் போய் மோதுகிறான். தியேட்டர் முழுக்க அழுகை, வசூலும் மழை. 1945ல் திரும்பாத பயணத்துக்குப் போன கப்பல் மறுபடியும் அதே பயணம் போனால் என்ன அர்த்தம்? மட்சுமோட்டோவுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. சில மாதத்திலேயே வந்த டிவி தொடரில் முடிவை மாற்றி நாயகனையும் நாயகியையும் பிழைக்க வைத்தார்கள். இன்னும் இருட்டான ஒன்றும் உண்டு. 1995ல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு வைத்த ஓம் ஷின்ரிக்யோ கும்பல், தங்கள் காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு வைத்திருந்த பேர் 'காஸ்மோ கிளீனர்'. இஸ்கந்தாரின் அந்தக் கருவியின் பேர்.

நமக்கும் இதில் ஒரு கணக்கு இருக்குங்க. 1942 ஏப்ரலில் ஜப்பான் கடற்படை விமானங்கள் 5ஆம் தேதி கொழும்பிலும், 6ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. மெட்ராஸில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி பண்ணினார்கள். யமாட்டோ அந்தத் தாக்குதலில் இல்லை, ஆனால் அதே கடற்படைதான். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போய் 415 கி.மீ. சயாம்-பர்மா ரயில் பாதை போட வைத்தது ஜப்பான் ராணுவம். காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதே மலாயாவில்தான், அதே ஜப்பான் துணையோடு, தமிழர்கள் நேதாஜி படையிலும் சேர்ந்தார்கள். ஆக, அந்தக் கொடியைப் பார்த்தால் நமக்கும் ஒரே உணர்ச்சி வராது. எங்க பாண்டி பீச் ரோட்டில் 1938ல் திறந்த பிரெஞ்சுப் போர் நினைவிடம் இருக்கிறது. அதுவும் யாரோ மூட்டிய சண்டையில் போய்ச் செத்த நம்ம ஆட்களுக்காகத்தான்.

அப்படின்னா ஒரு தமிழன் யமாட்டோவை எப்படி ரசிப்பது? எனக்குக் கிடைத்த வழி அந்த 24வது பகுதிதான். "நாங்க ஜெயிச்சிருக்கணும்" என்று மட்டும் சொல்லும் கதையில் வெளியாளுக்கு இடம் கிடையாது. ஜெயித்த பிறகு எதிரியின் பிணங்களுக்கு நடுவே நின்று அழும் கதையில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது, சயாம் காட்டில் செத்தவனின் பேரனுக்கும் சேர்த்து.

புதுசாக எடுத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. 2012ல் ஆரம்பித்த 'யமாட்டோ 2199' மறு ஆக்கத்தில், முதல் குண்டைச் சுட்டதே பூமிக்காரர்கள்தான் என்று மாற்றினார்கள். அந்த உண்மையைச் சொந்த ஜனங்களிடம் மறைத்துவிட்டார்கள் என்று வேற. கமிலாஸிலும் குடும்பம், குழந்தை, பயம் எல்லாம் இருக்கிறது. நிஷிசாகி 2010ல் போனார், மட்சுமோட்டோ 2023ல் போனார். 2024ல் 'யமாட்டோ 3199' கிளம்பியது.

எம்டன் நமக்கு ஒரு வசவாக, ஒரு சிரிப்பாக மிஞ்சியது. அது நம்ம சண்டை இல்லை, சாவும் நமக்கு அதிகமில்லை, அதனால் சிரிக்க முடிந்தது. யமாட்டோவை ஜப்பான்காரர்களால் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அதனால்தான் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அதை மேலே எடுத்து, இந்தத் தடவை இதை எங்கே அனுப்பலாம் என்று மறுபடி யோசிக்கிறார்கள். சண்டைக்கு அனுப்பியபோது அது இன்னொரு போர்க்கப்பல். மருந்துக்கு அனுப்பியபோதுதான் அது யமாட்டோ.

பி.கு.: பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் 2199ல் ஆரம்பிக்கலாம், படம் பளிச்சுன்னு இருக்கும். ஆனா அந்த 1974 கப்பலை ஒரு தடவையாவது பாத்துடுங்க. கோடு கொஞ்சம் கோணல்தான், மனசு நேர்.