டிக்டமோ

கிரீட் தீவில் மட்டும் தானாக வளரும் பல்லாண்டு மூலிகை. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. லின்னேயஸ் 1753இல் இதற்கு ஒரிகானம் டிக்டாம்னஸ் என்று பெயரிட்டார். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் வேரூன்றும். வட்ட இலைகளில் வெண்பஞ்சு படர்ந்திருக்கும். கோடையில் இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாகத் தொங்கும். அத்தீவின் டிக்டே மலையே பெயருக்கு மூலம் என்பது பொதுவான கருத்து. கிரேக்கத்துக்கு முந்தைய மொழிச்சொல்லாகவும் இருக்கலாம்.

அம்பு பட்ட காட்டாடுகள் இதைத் தின்றால் அம்பு தானே கழன்று விழும் என்ற கதைதான் இச்செடியின் புகழுக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘விலங்குகளின் வரலாறு’ நூலின் ஒன்பதாம் பகுதியில் இக்கதை வருகிறது. அப்பகுதி அவருடையதுதானா என்பதில் அறிஞர்களுக்குள் வேறுபாடு உண்டு. வெர்ஜிலின் ‘ஈனியிட்’ காவியத்தில் நாயகன் ஈனியாஸின் காயத்துக்குத் தேவதை வீனஸ் கொண்டுவருவதும் இந்த மூலிகையே. ரோம எழுத்தாளர் பிளினி அம்புக் கதையின் ஆட்டை மானாக்கிவிட்டார். ஆனால் கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃபிராஸ்டஸ் எழுதியதைப் படித்தால், கதையைவிடச் செடியின் அருமையே புகழை வளர்த்தது என்று தோன்றுகிறது. அம்புக் கதையை அவரும் சொல்கிறார். கூடவே, செடி குறைவாகவே கிடைக்கும், ஆடுகள் விரும்பி மேய்ந்துவிடும், இலை ஒத்த ‘பொய் டிக்டமோ’வும் உண்டு, ஆனால் வீரியம் குறைவு என்கிறார். மணம் போகாமலிருக்க நாணல் குழலிலோ, பெருங்காயப் பேரினத்துச் செடியொன்றின் தண்டிலோ அடைத்து வைத்தார்களாம். அரிய சரக்கைக் காப்பவர்களின் கவனம் இது. செடியின் எண்ணெயில் கார்வக்ரால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, அது கிருமிகளை அழிக்கும், ஆகவே புகழுக்கு மருந்துக் குணமே அடிப்படை என்று மறுக்கலாம். ஆனால் அதே கார்வக்ரால் மலிவான ஒரிகனோவிலும் நம் வீட்டுக் கற்பூரவள்ளியிலும் இருக்கிறது. அவற்றுக்கு எந்தக் கவிஞரும் தேவதையை அனுப்பவில்லை. தவிர, கிருமியைக் கொல்வது வேறு, அம்பைப் பிடுங்குவது வேறு.

பின்னாளில் பெயர், ஆங்கிலத்தில் ‘டிட்டனி’ என்று திரிந்து, செடியைவிட வெகுதூரம் போனது. ஐரோப்பாவில் எலுமிச்சைக் குடும்பத்துச் செடியொன்று ‘வெள்ளை டிட்டனி’ ஆயிற்று. அமெரிக்காவில் இன்னொன்றுக்கும் டிட்டனி என்றே பெயர். எனவே பழைய மருந்துக் குறிப்புகளில் இச்சொல் வந்தால் எந்தச் செடி என்று எளிதில் முடிவுகட்ட முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் கிரீட்டின் எம்பாரோஸ் ஊரைச் சுற்றிச் சாகுபடி தொடங்கியது. விளைச்சல் தேநீருக்கும் வெர்மூத் மதுவுக்கும் போகிறது. காட்டுச் செடிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சாகுபடிக்கு முன்பெல்லாம் செங்குத்துப் பாறைகளில் ஏறித்தான் பறித்தார்கள். காதல் என்ற பொருள்பட, ‘எரொண்டாஸ்’ என்றும் தீவு மக்கள் இச்செடியைச் சொல்வார்கள்.