பாத் நகரத்துத் தோட்டமும் சான்ஃபிரான்சிஸ்கோ நடைபாதையும்

1781 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பாத் நகரத்து வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் உலை ஒழுகியது. உருகிய உலோகம் கல்தரையில் ஓட, சூடு தாங்காத கற்கள் வெடித்துக் கூரை வரை தெறித்தன. வில்லியம் ஹெர்ஷலும் அவர் தம்பி அலெக்சாண்டரும் வார்ப்பு வேலைக்கு வந்திருந்த ஆட்களும் உயிர் தப்ப ஓடினார்கள். களைத்துப்போன ஹெர்ஷல் செங்கல் குவியல் ஒன்றின் மேல் விழுந்தார். ஐந்து மாதங்களுக்கு முன்பு, மார்ச் 13 அன்று, அதே வீட்டின் தோட்டத்தில் நின்றுதான் அவர் யுரேனஸைக் கண்டிருந்தார். ஒரு கோளையே காட்டிக்கொடுத்த தொலைநோக்கி கையில் இருந்தும் மனம் அடங்கவில்லை. 3 அடி அகல ஆடி வேண்டும் என்று வீட்டுக் கீழ்த்தளத்தையே வார்ப்படச் சாலையாக்கியிருந்தார்.

ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து, கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில், ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த ஆசிரமத்தில் ஒரு துறவி யாருக்கும் தெரியாமல் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தார். பெயர் ஜான் டாப்சன். 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்து, பெர்க்லியில் வேதியியல் படித்து, 1944-இல் அந்த மரபில் துறவியாகச் சேர்ந்தவர். வெளியே இருந்த நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களில் தொலைநோக்கி என்ற சொல் வராது. அதற்குப் பதில் ‘ஜெரானியம்’ என்ற பூச்செடியின் பெயர் வரும். குழாயிலும் தாங்கியிலும் பொருத்திவிட்டால் அது தொட்டியில் வைத்த ஜெரானியம். ஆடிக்கு அலுமினியப் பூச்சும் ஏறிவிட்டால் பூத்த ஜெரானியம். ஆனாலும் செடி வளர்த்த விஷயம் மறைந்திருக்கவில்லை. 1967-இல் ஆசிரமம் அவரை வெளியே அனுப்பியது.

ஹெர்ஷல் பாத் நகரத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த இசைக்கலைஞர், டாப்சன் துறவி. வானியல் இருவருக்கும் பிழைப்பாக இருக்கவில்லை; ஹெர்ஷலுக்குக்கூட யுரேனஸுக்குப் பிறகே அரசரின் உதவித்தொகை வந்தது. கண்டுபிடிப்புகளை வைத்து எடைபோட்டால் இவர்களை ஒப்பிடவே முடியாது. ஹெர்ஷலின் தட்டு தரையைத் தொட்டுவிடும். நான் ஒப்பிட விரும்புவது பகல்நேரத்தை. வீட்டில் தொலைநோக்கி வைத்திருப்பவருக்குத் தெரியும், இரவில் ஒரு மணி நேரம் பார்ப்பதற்குப் பகலில் எவ்வளவு நேரம் திருகுகளோடும் துணியோடும் கழிகிறது என்று. அந்தப் பராமரிப்பில் இந்த இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தார்கள்.

ஹெர்ஷலின் ஆடி கண்ணாடியால் ஆனதல்ல. சுமார் இரண்டு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெள்ளை உலோகம். ஸ்பெக்குலம் என்று பெயர். பெரிய ஆடியை வார்க்கும் அச்சைக் குதிரைச் சாணத்தால் செய்தார்கள். அதை இடித்துச் சலித்துக் கொடுத்தவர்களில் தங்கை கரோலினும் ஒருவர். வார்த்த தட்டைக் குழியாகத் தேய்த்து, கீல் பூசிய கருவியால் மெருகேற்ற வேண்டும். நடுவில் கையை எடுத்தால் மெருகு கெடும் என்பதால் ஒரு முறை ஹெர்ஷல் 16 மணி நேரம் ஆடியை விட்டு நகரவில்லை. கரோலின் உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டினார். சலிப்புத் தட்டாமல் இருக்கக் கதை வாசித்துக் காட்டினார். ஹெர்ஷலின் பெயருக்குப் பின்னால் இந்தப் பெண்ணின் உழைப்பு இருக்கிறது. பிற்காலத்தில் 8 வால்மீன்களைத் தாமே கண்டவர் அவர்.

அந்த உழைப்பின் பலன் சாதாரணமானதல்ல. யுரேனஸை ஹெர்ஷலுக்கு முன்பே பலர் பார்த்து, நட்சத்திரம் என்று வரைபடத்தில் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். 1690-இலேயே வானியலர் ஃபிளாம்ஸ்டீட் அப்படிக் குறித்திருக்கிறார். ஹெர்ஷலின் 6.2 அங்குல ஆடியில்தான் அது புள்ளியாக இல்லாமல் சின்ன வட்டமாகத் தெரிந்தது. 227 மடங்குப் பெருக்கத்திலிருந்து 460-க்கும் 932-க்கும் போனபோது வட்டமும் கூடவே பெரிதானது. நட்சத்திரமாக இருந்தால் அப்படிப் பெருகாது. மறு ஆண்டு கிரீனிச் வானாய்வகத்தில் வைத்துப் பார்த்தபோது அங்கிருந்த கருவிகளைவிட இந்த வீட்டுக் கருவியே தேர்ந்தது என்று தெரியவந்தது.

ஆனால் ஸ்பெக்குலத்துக்கு ஒரு தீராத நோய் உண்டு. புதிதாக மெருகேற்றிய ஆடியே தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பித் தரும். பனியும் ஈரமும் பட்டால் சில மாதங்களில் மங்கிப்போகும். மங்கினால் துடைத்துப் பயனில்லை, மறுபடியும் மெருகேற்ற வேண்டும். அப்படி மெருகேற்றும்போது, தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த குழிவின் வடிவமும் மாறிவிடலாம். ஒளி ஓர் இடத்தில் குவிய வேண்டுமானால் ஆடியின் பரப்பில் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் பிசகு இருக்கக் கூடாது. ஆகவே ஹெர்ஷலுக்கு ஆடியைப் பராமரிப்பது என்றால் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் படைப்பது. பெரிய கருவிகளுக்கு அவர் இரண்டு ஆடிகள் வைத்துக்கொண்டார். ஒன்று குழாயில் இருக்கும்போது மற்றது பட்டறையில் இருக்கும். குழாய்க்குள் ஒளியைத் திருப்பிவிடும் துணை ஆடியில் பட்டு ஒளி மேலும் வீணாவதைத் தவிர்க்க, 20 அடி நீளக் கருவியில் அந்தத் துணை ஆடியையே எடுத்துவிட்டு, முதன்மை ஆடியைச் சற்றுச் சாய்த்து, குழாயின் விளிம்பிலிருந்து நேராகப் பார்க்கும் வழியையும் கண்டார். வீட்டுத் தொலைநோக்கியில் யாரும் செய்த திருத்தங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

பிறகு வந்தது ஸ்லவ் ஊரில் எழுந்த 40 அடிக் கருவி. அரசர் 4,000 பவுண்டு கொடுத்தார். ஆடியின் அகலம் 4 அடி, எடை சுமார் ஒரு டன். அது நடைமுறைக்கு வந்த 1789-இலேயே சனியின் துணைக்கோள்கள் என்செலடஸ், மீமாஸ் இரண்டையும் கண்டார். ஆனாலும் அதன் ஆடியைக் கழற்றி மெருகேற்றுவது பெரும்பாடு. திருப்புவதற்கே ஆட்கள் வேண்டும். இங்கிலாந்தின் ஈரக்காற்றோ ஆடியை விடாமல் மங்கவைத்தது. ஹெர்ஷல் நம்பி நின்றது பாதி நீளமுள்ள 20 அடிக் கருவியை. சுமார் 2,500 நெபுலாக்களும் விண்மீன் கொத்துகளும் பட்டியலேறியது பெரும்பாலும் அதனால். மகன் ஜான் ஹெர்ஷல் 1834-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குக் கொண்டுபோனதும் 20 அடிக் கருவியைத்தான், அதுவும் மூன்று ஆடிகளோடும் மெருகேற்றும் கருவிகளோடும். தந்தையின் அனுபவம் மகனுக்குப் பாடமாகியிருந்தது.

டாப்சனுக்கு அந்த நோய் இல்லை. 1850-களில் கண்ணாடி மேல் வெள்ளிப் பூச்சு ஏற்றும் முறையும், 1930-களில் அலுமினியப் பூச்சும் வந்துவிட்டிருந்தன. இதில் பெரிய லாபம் வெளிச்சம் கூடியது மட்டுமல்ல. வடிவம் கண்ணாடியில் இருக்கிறது, பளபளப்பு அதன் மேல் படிந்த மெல்லிய பூச்சில் இருக்கிறது. பூச்சு மங்கினால் கரைத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம். வடிவத்தை யாரும் தொட வேண்டியதில்லை. ஹெர்ஷலைப் படுத்திய பாடு ஒரே அடியில் ஒழிந்தது. டாப்சன் கழித்துக்கட்டிய கப்பல்களின் வட்டச் சாளரக் கண்ணாடிகளை வாங்கித் தேய்த்தார். ஆடியின் கனம் விட்டத்தில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும், இல்லாவிட்டால் வளையும் என்பது அக்காலத்து விதி. சாளரக் கண்ணாடி அதைவிட மிக மெல்லியது. அதை இறுகப் பிடிக்காமல் பின்னாலிருந்து மென்மையாகத் தாங்கினால் போதும் என்று அவர் செய்துகாட்டினார்.

அவருடைய உண்மையான சாதனை ஆடிக்குக் கீழே இருக்கிறது. கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாயே தொலைநோக்கிக் குழாய். அதைத் தாங்கப் பிளைவுட் பெட்டி. பெட்டி சுழலும் இடத்தில் சின்ன டெஃப்லான் துண்டுகள், அவற்றுக்கு எதிரே நாம் சன்மைக்கா என்று சொல்லும் வகைத் தகடு. இந்த இரண்டும் உரசும்போது, நகரத் தொடங்கத் தேவையான விசைக்கும் நகர்ந்துகொண்டிருக்கத் தேவையான விசைக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அதனால் குழாய் வெட்டி இழுக்காது. விரலால் தள்ளினால் நகரும், விரலை எடுத்தால் நிற்கும். பல்சக்கரம் இல்லை, எண்ணெய் போட இடமில்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. கெட்டால் எந்தத் தச்சரும் சரிசெய்வார். ஹெர்ஷல் பராமரிப்பைத் தம் உடலால் வென்றார் என்றால், டாப்சன் பராமரிக்க வேண்டியவற்றையே ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தார்.

அதற்கு விலையும் உண்டு. பூமி சுழல்வதை அந்தப் பெட்டி ஈடுகட்டாது. உயர்ந்த பெருக்கத்தில் வியாழன் சீக்கிரமே பார்வையிலிருந்து நழுவிவிடும், நீண்ட நேரப் புகைப்படம் எடுக்க முடியாது. பின்வந்த ஆர்வலர்கள் அந்தக் குறையை வீட்டிலேயே தீர்த்தார்கள். 1977-இல் பிரான்சின் அட்ரியன் பொன்செ வெளியிட்ட சாயும் மேடையின் மேல் பெட்டியை அப்படியே தூக்கி வைத்தால், அது வானத்தோடு சேர்ந்து நகர்கிறது.

இன்னொரு வேற்றுமையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெர்ஷல் நூற்றுக்கணக்கான ஆடிகள் செய்தார், கருவிகளை விற்றார், ஸ்பெயின் அரசருக்குக்கூட ஒன்று போனது. மெருகேற்றும் நுட்பத்தை மட்டும் அச்சில் கொடுக்கவில்லை. அடுத்து வந்தவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. டாப்சன் தம் தாங்கிக்குக் காப்புரிமை கேட்கவில்லை. ஆசிரமத்தை விட்டு வந்தபின் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜாக்சன், பிராடரிக் தெருக்கள் சந்திக்கும் மூலையில் கருவியை வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுச் சந்திரனைக் காட்டினார். கேட்டவர்க்கெல்லாம் ஆடி தேய்க்கவும் கற்றுக்கொடுத்தார். 1968-இல் அந்த நகரத்தில் நடைபாதை வானியலர் அமைப்பு உருவானது. 2014-இல் 98 வயதில் அவர் மறைந்தபோது ‘டாப்சோனியன்’ என்பது உலகமெங்கும் கடைகளில் கேட்டு வாங்கும் பெயராகியிருந்தது. கைத்திறனில் ஹெர்ஷல்தான் பெரியவர். ஆனால் வீட்டு வானியலருக்கு எது நல்ல கருவி என்ற கேள்விக்கு டாப்சன் சொன்ன பதிலே சரி: உடையவர் தம் கையால் பழுதுபார்க்கக்கூடிய கருவி. ஹெர்ஷலின் 40 அடியும் 20 அடியும் சொல்வது அதையேதான்.

என் மொட்டைமாடியில் 8 அங்குல டாப்சோனியன் ஒன்று இருக்கிறது. ஒரு மார்கழி முழுக்க அதில் நட்சத்திரங்கள் முக்கோணமாகத் தெரிந்தன. ஆடியே மோசம் என்று முடிவுகட்டிப் பெரிய கருவிக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். வானம் பார்க்கும் நண்பர் ஒருவர் வந்து, ஆடியைப் பிடித்திருந்த மூன்று பிடிப்புகளையும் ஒரு காகிதம் நுழையும் அளவுக்குத் தளர்த்தினார். மறுநாள் இரவு நட்சத்திரங்கள் புள்ளிகளாகிவிட்டன. மெல்லிய கண்ணாடியை இறுகப் பிடிக்காதே என்று டாப்சன் காட்டியதை நான் மறந்திருந்தேன்.

ஆகவே, பெரிய ஆடிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். முதலில் கையில் இருப்பதைக் கவனியுங்கள். பார்க்கத் தொடங்கும் முன் அரை மணி நேரமாவது கருவியை வெளியே வைத்து ஆற விடுங்கள். வீட்டுச் சூடு ஆடியில் இருக்கும்வரை படம் நடுங்கும். தூசிக்காக ஆடியை அடிக்கடி துடைக்காதீர்கள், ஒரு துணிக்கீறல் செய்யும் கெடுதலைத் தூசி செய்வதில்லை. கழுவியே தீர வேண்டுமானால் காய்ச்சி வடித்த நீரும் ஒரு துளிப் பாத்திர சோப்பும் அழுத்தாமல் இழுக்கும் பஞ்சும் போதும். இன்றிரவு பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பார்வையின் நடுவில் கொண்டுவந்து, குவியத்தைக் கொஞ்சம் தவறவிட்டுப் பாருங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் அமைந்திருந்தால் ஆடிகள் நேராக இருக்கின்றன. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், ஆடிக்குப் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடியும் பாருங்கள்.